புகைக்குழாயும் கடலுப்பும்

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் மொழி. அந்தமான் தீவுகளில் குடியேறி வாழும் நமக்கு நாள்தோறும் தவறாமல் உப்பிடுவது கடற்காற்று. அதனை நாம் மறந்தாலும் நம் வீட்டு இரும்பு மறப்பதில்லை. கதவுக் கீல், சாளரக் கம்பி, மிதிவண்டிச் சங்கிலி ஆகிய எல்லாவற்றிலும் செந்நிறத் துரு படிந்திருக்கக் காண்கிறோம். ஆயினும் இவை எல்லாவற்றினும் விரைவாக அழிவது, வழக்கில் நாம் சைலன்சர் என்று கூறும் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயே ஆகும். படகு எஞ்சினின் புகைக்குழாய்க்கும் மின்னாக்கி எஞ்சினின் புகைக்குழாய்க்கும் இதே கதிதான். களிம்பும் துருவும் ஏறிய இக்குழாயைத் துலக்கி மீட்பது எவ்வாறு, மீட்டதைக் காப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வட அந்தமானில் உள்ள திக்லிபூரை எடுத்துக்கொள்வோம். அந்தமான் நெடுஞ்சாலையின் வட கோடியில் அமைந்த ஊர் அது. ஒருபுறம் 732 மீட்டர் உயர்ந்து நிற்கும் சேடில் பீக் சிகரம். மறுபுறம் ஏரியல் பே துறைமுகம். ஆமைகள் வந்து முட்டையிடும் காளிப்பூர்க் கடற்கரையும் அருகிலேயே உள்ளது. இத்தகைய ஊரில் மோட்டார் சைக்கிள் என்பது ஆடம்பரப் பொருளன்று. துறையிலிருந்து மீன்கூடையை அங்காடிக்குக் கொண்டு செல்வதும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், இரவில் நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அவ்வண்டியே. குழாய் ஓட்டையாகிவிட்டாலோ, புதியது தலைநகரிலிருந்து வரவேண்டும். 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேருக்குச் சாலை வழியே சென்று சேர ஏறக்குறைய ஒரு பகல் முழுதும் வேண்டும். அங்கும் கிடைக்காவிடின் சென்னையிலிருந்து கப்பலில்தான் வந்தாக வேண்டும். ஆகவே, இருக்கும் குழாயைக் காப்பது நமக்கு அழகு பற்றிய செய்தி மட்டுமன்று. பிழைப்பைப் பற்றிய செய்தியுமாகும்.

குழாய் கெடுவது எதனால்?

மழைக்காலத்தில் அடுக்களை உப்புச் சாடி கசிந்து ஈரமாவதை நம் சகோதரிகள் நன்கு அறிவர். காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்கைத் தாண்டினால் சமையலுப்பு அந்த ஈரத்தை ஈர்த்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு என்னும் மற்றோர் உப்போ, ஈரப்பதம் 33 பங்கு இருந்தாலே நீரை ஈர்த்துக்கொள்ளும். அந்தமானில் ஆண்டின் பெரும்பகுதி காற்று ஈரமாகவே இருக்கிறது. எனவே குழாயின்மேல் படிந்த உப்பு ஒருபோதும் உலர்வதில்லை. மழை பெய்யாத நாளிலும் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் போர்வை ஒன்று அதனை மூடியே இருக்கிறது. இரும்பும், நீரும், காற்றிலுள்ள பிராணவாயுவும் கூடினால் துரு தோன்றும். உப்பு அதனை விரைவுபடுத்தும்.

பளபளக்கும் குழாய்க்குக் குரோமியம் முலாம் பூசியிருக்கிறார்களே, அது காவாதோ எனச் சிலர் வினவலாம். அந்த முலாம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்கூட இல்லாதது. அதன் அடியில் சற்றுக் கனமான நிக்கல் முலாமும், அதற்கும் அடியில் எஃகும் உள்ளன. குரோமியப் பூச்சில் நுண்ணிய வெடிப்புகள் இயல்பாகவே உண்டு. அவற்றின் வழியே உப்புநீர் உள்ளிறங்கி, நிக்கலைத் துளைத்து, எஃகை அடைந்துவிடுகிறது. மேலே நாம் காணும் சிறு செம்புள்ளி, உள்ளே பரவிவிட்ட நோயின் அடையாளமேயாகும்.

வெளியிலிருந்து வரும் பகை இது. உள்ளிருந்து வரும் பகையும் ஒன்று உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்றால் பலர் வியப்பர். அது ஆவியாகப் புகையுடன் கலந்து வெளியேறுகிறது. நெடுந்தொலைவு ஓடினால் குழாய் நன்கு சூடேறி ஆவி முழுதும் போய்விடும். வீட்டிலிருந்து கடைத்தெரு வரை ஓட்டி உடனே நிறுத்திவிட்டால், ஆவி குழாய்க்குள்ளேயே குளிர்ந்து நீராகித் தங்கிவிடும். புகையிலுள்ள அமிலப் பொருள்களும் அந்நீரில் கலக்கும். குழாய் உள்ளிருந்து துருப்பிடிப்பது இவ்வாறே. அந்நீர் வடிவதற்காகப் பல சைலன்சர்களின் அடிப்புறத்தில் ஒரு சிறு துளை இருக்கும். அது சேற்றால் அடைபட்டிருப்பின் மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். அதனை ஓட்டையென்று எண்ணி அடைத்துவிடலாகாது.

நிறம் சொல்லும் செய்தி

எஞ்சினை ஒட்டிய வளைவில் குழாய் பொன்னிறமாகவோ நீலமாகவோ மாறியிருப்பது அழுக்குமன்று, துருவுமன்று. எஃகு சூடேறும்போது அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டாகிறது. அதன் கனத்திற்கேற்ப ஒளி வெவ்வேறு நிறங்காட்டுகிறது. சாதாரண எஃகு ஏறத்தாழ 220 டிகிரி வெப்பத்தில் வைக்கோல் நிறமும், 300 டிகிரியை நெருங்கும்போது நீல நிறமும் பெறும். மெருகு போட்டு இந்த நீலத்தைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம். ஆனால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாவதுதான் காரணமெனில் சில நாளில் அது மீண்டும் வந்துவிடும். பெட்ரோலின் அளவு குறைந்து காற்று மிகுந்து எரிவதும், தீப்பொறி காலந்தாழ்ந்து எழுவதும் இத்தகைய மிகைச்சூட்டை உண்டாக்கும். ஆதலால் மிக அடர்ந்த நீலம் கண்டால் முதலில் மெக்கானிக்கிடம் எஞ்சினைக் காட்டுவதே முறை.

அடுக்களைப் பழக்கம் இங்கு ஆகாது

பித்தளைக் குத்துவிளக்கையும் செப்புக் குடத்தையும் புளியும் உப்பும் சேர்த்துத் துலக்குவது நம் குடும்பங்களின் நெடுநாளைய வழக்கம். அதே கையால் சைலன்சரையும் துலக்க முற்படுவது இயல்பே. புளியின் அமிலம் துருவைக் கரைக்கும் என்பது மெய். ஆனால் அதனுடன் சேரும் உப்பு எந்தப் பகைவனை நாம் விரட்ட எண்ணுகிறோமோ அவனையே வீட்டிற்குள் அழைத்துவரும். அடுப்புச் சாம்பலும் செங்கற்பொடியும் முலாத்தைக் கீறிவிடும். 

இவற்றினும் தீயது, கழிவறை துலக்கும் ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு நொடியில் கரைந்து குழாய் வெளுப்பாகத் தோன்றும். உடன் முலாமும் கரையும். அமிலத்தின் குளோரைடு இரும்பின் நுண்குழிகளில் தங்கிவிடுவதால் சில நாளில் முன்னிலும் மிகுதியாகத் துரு எழும். அதன் ஆவி கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேடு. அதனுடன் ப்ளீச்சிங் பவுடர் கலந்துவிட்டாலோ நச்சுக் குளோரின் வாயு எழும். பிள்ளைகள் உலவும் முற்றத்தில் இவ்வேலை வேண்டவே வேண்டாம்.

முலாம் பூசிய குழாயைத் துலக்கும் முறை

எஞ்சின் முற்றும் குளிர்ந்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். குழாயின் வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு, நல்ல தண்ணீரும் மென்மையான சோப்பும் கொண்டு உப்பையும் சேற்றையும் கழுவிவிட வேண்டும். கடலோரக் கிணற்றின் உவர்நீர் உதவாது. ஓட்டிலிருந்து வழியும் மழைநீரைப் பிடித்து வைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. தாரும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைக்கலாம். குழாய் சூடாக இருக்கும்போது மண்ணெண்ணெய் அதன் அருகிலும் வரலாகாது. மழைச்சட்டையின் பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்தால் இரும்புக் கத்தியால் சுரண்டாமல் மரக்குச்சியின் தட்டையான முனையால் மெல்லப் பெயர்த்தெடுக்க வேண்டும்.

இனிச் செம்புள்ளிகளைப் போக்குவோம். உணவுப் பொட்டலம் கட்டிவரும் அலுமினியத் தாளே இதற்கு ஏற்ற கருவி. அதனைச் சிறு உருண்டையாகக் கசக்கி, நீரிலோ சிறிது வினிகரிலோ நனைத்து, புள்ளியின்மேல் அழுத்தாமல் வட்டமாகத் தேய்க்க வேண்டும். குரோமியம் மிகக் கடினமானது, அலுமினியம் மென்மையானது. ஆகையால் முலாத்தில் கீறல் விழுவதில்லை. துரு மட்டும் பெயர்ந்துவிடும். உப்புத்தாளையும் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரையும் முலாத்தின்மேல் வைக்கவே கூடாது. துரு நீங்கிய பின் நன்றாகக் கழுவி, உலரத் துடைத்து, பித்தளைக்கு இடும் மெருகுத் திரவத்தை மெல்லிய துணியில் தொட்டுத் தேய்த்தால் பழைய ஒளி திரும்பும்.

வேலை முடிந்ததும் வாயிலுள்ள துணியை மறவாமல் எடுத்துவிட வேண்டும். கைரேகையும் எண்ணெய்த் தடமும் குழாயில் இருந்தால் சூட்டில் கருகி நிலைத்த கறையாகிவிடும். ஆகவே உலர்ந்த துணியால் இறுதியாக ஒருமுறை துடைத்த பிறகே எஞ்சினை இயக்குதல் நன்று. பிறகு நன்கு சூடேறும் வரை வண்டியை ஓட்டி, உள்ளே புகுந்த நீரைப் போக்கிவிட வேண்டும்.

முலாம் உரிந்து எஃகு வெளிப்பட்ட இடத்தில் எந்த மெருகும் முலாத்தைத் திரும்பக் கொணராது. அங்குத் துருவை நீக்கி, வெப்பந்தாங்கும் பூச்சுப் பூசிக் காப்பதே செய்யத்தக்கது.

கறுப்புப் பூச்சுக் குழாய்க்குரிய முறை

கறுப்புப் பூச்சுள்ள குழாய்களுக்கும் படகு எஞ்சினின் குழாய்க்கும் வேறு முறை வேண்டும். கம்பித் தூரிகையால் செதில்களை உதிர்த்து, 120ஆம் எண் உப்புத்தாளாலும் பின்னர் 220ஆம் எண் தாளாலும் தேய்த்து, எஃகின் வெண்மை தெரியச் செய்க. கண்ணாடியும் முகக்கவசமும் அணிவது இன்றியமையாதது. குழிகளில் எஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைத் தடவலாம். அது செந்துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றிவிடும். டில்லியில் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக நிற்கும் இரும்புத்தூண் துருவால் அழியாமல் இருப்பதற்கும், அதன் இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸால் மேலே உண்டான பாஸ்பேட் படலமே பெருங்காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் தம் ஆய்வுகளில் விளக்கியுள்ளார். பழைய கொல்லர் பெற்ற பயனில் ஒரு சிறு பங்கை நாமும் பெறலாம்.

துருநீக்கியைக் கழுவி உலர்த்திய பின், 600 டிகிரி வரை தாங்கும் சிலிகோன் வகைப் பூச்சை மெல்லியதாக இருமுறை பூச வேண்டும். சாதாரண எனாமல் பெயிண்ட் ஒரே நாளில் கருகி உரியும். வெப்பந்தாங்கும் பூச்சு சூட்டில்தான் இறுகும். ஆகவே முதலில் 10 நிமிடம் எஞ்சினை மெதுவாக இயக்கி ஆறவிட்டு, அடுத்து 20 நிமிடம், அதற்கடுத்து 30 நிமிடம் எனப் படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். இதனைத் திறந்த வெளியிலேயே செய்க. பூச்சின் புகை நல்லதன்று.

படகுக் குழாய்களில் கயிறோ துணியோ சுற்றும் வழக்கம் உண்டு. கடல்நீர் அதில் ஊறி நிற்பதால் உள்ளிருக்கும் குழாய் கண்ணுக்குப் புலப்படாமலே அரிந்துபோகும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். பழைய சுற்று கல்நார் ஆக இருக்கக்கூடும் என்றால் உலர்ந்த நிலையில் பிய்க்கலாகாது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலிற் புகுந்து புற்றுநோயை விளைவிப்பவை. அறிந்தவரைக் கொண்டே அதனை அகற்றுக.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்துள்ள பி.எஸ். 6 வகை வண்டிகளில், நச்சுப்புகையைக் குறைக்கும் வினையூக்கிக் கலம் குழாய்க்குள்ளேயே அமைந்திருக்கிறது. பழைய இரு வீச்சு எஞ்சின் ஸ்கூட்டர்களின் குழாய்க்குள் காஸ்டிக் சோடா ஊற்றிக் கரியெடுத்த பழக்கத்தை இவற்றினிடம் காட்டினால் அக்கலம் பாழாகும். இவற்றின் வெளிப்புறத்தை மட்டும் துலக்குக.

துலக்குவதா, மாற்றுவதா?

எல்லாக் குழாயும் மீட்கத்தக்கதன்று. அரிந்துபோனதாகத் தோன்றும் இடத்தைத் திருப்புளியின் முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். முனை உள்ளிறங்கினால் அக்குழாய்க்கு மெருகு வீண். மரப்பிடியால் தட்டினால் நல்ல குழாய் கணீரென ஒலிக்கும். அரிந்தது மந்தமாக ஒலிக்கும். இணைப்புகளில் கரிக்கோடு படிந்திருந்தால் அங்குப் புகை கசிகிறது என்பது பொருள். குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடன் அவ்விடத்தில் சோப்பு நீர் தடவினால் குமிழி எழுவதைக் கொண்டும் அறியலாம்.

இதில் அசட்டை கூடாது என்பதற்குக் காரணம் பணம் மட்டுமன்று, உயிருமாகும். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இணைந்துவிடும். முதலில் தலைவலி, அடுத்துக் குமட்டல், பின்பு மயக்கம், உறங்கினவர் எழுவதேயில்லை. கூரையிட்ட படகின் அறையில் குழாய் ஓட்டையாக இருப்பதும், புயல்மழைக்கு அஞ்சி மின்னாக்கியை வீட்டுத் திண்ணைக்கோ அறைக்கோ கொண்டுவந்து இயக்குவதும் இவ்வகையில் பேராபத்தானவை. சாளரம் திறந்திருக்கிறதே என்று அமைதி கொள்வதற்கில்லை. மின்னாக்கி வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தொலைவிலும், அதன் குழாய்வாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் நோக்கியும் இருத்தல் வேண்டும். ஓட்டையை நாகமுலாம் பூசிய தகட்டால் பற்றவைத்து மூடுவதும் தவறு. பற்றவைக்கும்போது எழும் துத்தநாகப் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

குளிர்நாட்டிலும் இதே உப்பு

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டா. கனடா நாட்டின் டொராண்டோ நகரில் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பெருந்தொகையாக வாழ்கின்றன. அங்குக் கடல் இல்லை. ஆயினும் குளிர்காலத்தில் உறைபனியை உருக்கச் சாலைகளில் உப்பைக் கொட்டுகிறார்கள். அவ்வுப்பு கார்களின் புகைக்குழாய்களை அரிக்கிறது. பனியின்மேல் ஓடும் ஸ்கீடூ போன்ற வண்டிகளும் அந்நாட்டில் உண்டு. கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த பொம்பார்டியே என்பவர் 1959ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தது அது. அவ்வண்டிகள் கோடையில் ஓடாமல் நிற்கும். குழாய் பெரிதும் துருப்பிடிப்பதும் அந்த ஓய்வுக்காலத்தில்தான். எனவே பருவ முடிவில் கழுவி, உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசி வைப்பது நல்ல முறையாகும். நம் தீவுகளில் தொடர்மழையால் வண்டி நிற்கும் வாரங்களிலும், படகு கரையேறும் காலத்திலும் நாம் பின்பற்ற வேண்டிய முறையும் அதுவே. மீண்டும் இயக்குமுன் அவ்வெண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்.

நம் தாயகத்திலும் இத்துறை பற்றிய அறிவு வளர்ந்தே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்ததனால் காரைக்குடியில் அமைந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்திற்கு 1948ஆம் ஆண்டில் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டில் டாக்டர் ராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். உலோக அரிப்பு பற்றிய ஆய்வு அந்நிலையத்தின் முக்கியப் பணிகளுள் ஒன்று. இராமேசுவரத்தை அடுத்த மண்டபத்தின் கடற்காற்றில் உலோகத் துண்டுகளை வைத்து அதன் அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். இலங்கையிலிருந்து திரும்பிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் கால்வைத்த அதே மண்டபந்தான் அது.

வாரந்தோறும் கால்மணி நேரம்

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். ஆண்டுக்கொருமுறை கடும் அமிலத்தால் செய்யும் போரினும், வாரத்திற்கொருமுறை நல்ல தண்ணீரால் செய்யும் சிறு தொண்டே குழாயைக் காக்கிறது. உப்பு நாள்தோறும் படிகிறது. ஆதலின் அதனை அடிக்கடி கழுவுவதொன்றே மருந்து. கடற்கரைச் சாலையில் ஓட்டிய நாளில் அன்று மாலையே கழுவிவிட வேண்டும். வண்டியை மூடி வைப்பவர்கள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் தாளைத் தவிர்த்து, காற்றோட்டமுள்ள கூரையின்கீழ் நிறுத்துக. வாரத்தில் ஒருநாளேனும் குழாய் நன்கு சூடேறுமளவு ஓட்டுக.

ஞாயிறு காலையில் கால்மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும். தந்தை கழுவ, பிள்ளைகள் துடைக்க, வீடே சேர்ந்து செய்யத்தக்க வேலை இது. எஞ்சின் ஆறிவிட்டதா என்று பார்த்த பிறகே பிள்ளைகளை அருகில் விடுக. உழைத்து, சிறுகச் சிறுகச் சேர்த்து நாம் வாங்கிய பொருளைக் கடற்காற்றுக்குக் காணிக்கையாக்கிவிடாமல் காப்போமாக!